விருந்து ஞாயிற்றுக்கிழமை, வேலை இரண்டு வாரம் முன்பே!

சாக்லேட் பூசிய குச்சி கேக்கை முன்கூட்டியே செய்து ஃப்ரீஸரில் வைப்பது எப்படி? வெடிக்காமல், வியர்க்காமல், நிறம் ஒழுகாமல் மேசைக்குக் கொண்டுவருவது எப்படி?

பிறந்தநாள் விழாப் படங்களைப் புரட்டிப் பாருங்கள். குழந்தை மெழுகுவத்தியை ஊதுகிறது. தாத்தா கை தட்டுகிறார். அத்தை பலூனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மாவை மட்டும் பல படங்களில் காணோம். அந்த நேரத்தில் அவர் அடுப்படியில் எதையோ தட்டில் அடுக்கிக்கொண்டிருந்திருப்பார். வீட்டிலேயே செய்து பரிமாற வேண்டும் என்ற ஆசைக்கு நம் வீட்டுப் பெண்கள் கொடுத்துவரும் விலை இது. அந்த விலையைக் குறைக்க முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்காக எடுத்துக்கொண்டிருக்கும் பண்டம் சின்ன எலுமிச்சை அளவுதான். கேக்கை உதிர்த்து, கிரீமோடு பிசைந்து, உருட்டி, குச்சியில் செருகி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுப்பது. அமெரிக்காவில் இதைக் கேக் பாப் என்கிறார்கள். குச்சி இல்லாவிட்டால் கேக் பால். நம் ஊர்களில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்களின் பட்டியலிலும் இப்போது இது இருக்கிறது.

இதன் பெரிய வசதி, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பது. ஒரு நாள் கேக் சுடலாம், இன்னொரு நாள் உருட்டலாம், வேறொரு நாள் முக்கலாம். இடைப்பட்ட நாட்களை ஃப்ரீஸர் பார்த்துக்கொள்ளும். ஆனால் எந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்தி உள்ளே வைக்க வேண்டும், வெளியே எடுக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மொத்த வித்தையும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

மிச்சத்தில் பிறந்த இனிப்பு

மீந்த கேக்கை உருட்டி விற்பது உலகெங்கும் பேக்கரிக்காரர்களின் பழைய வழக்கம். கேக்கின் மேற்பரப்பைச் சமமாகச் சீவும்போது விழும் துண்டுகள், வெட்டிய ஓரங்கள், முதல் நாள் விற்காமல் நின்றவை எல்லாவற்றையும் உதிர்த்து, வெண்ணெயோ கிரீமோ சேர்த்துப் பிசைந்தால் இன்னொரு பண்டம் தயார். ரஷ்யாவில் இதற்குக் கர்த்தோஷ்கா என்று பெயர். உருளைக்கிழங்கு வடிவத்தில் பிடித்து கோகோ தூளில் புரட்டுவார்கள். டென்மார்க்கில் ரம் வாசனை சேர்த்த உருண்டைகள். ஸ்வீடனில் பச்சை நிறப் பாதாம் விழுதைப் போர்த்தி, இரண்டு முனைகளையும் சாக்லேட்டில் முக்கிய சிறு உருளைகள். கொல்கத்தா பார்க் தெருவில் 1927 முதல் இயங்கிவரும் ஃப்ளூரிஸ் கடையின் ரம் பாலை இன்றும் தேடிப் போய் வாங்குகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் லாமிங்டன் இன்னொரு நெருங்கிய உறவு. சதுரமாக வெட்டிய ஸ்பான்ஜ் கேக்கைச் சாக்லேட் ஐசிங்கில் முக்கி, தேங்காய்த் துருவலில் புரட்டுவது. 1896 முதல் 1901 வரை குவீன்ஸ்லாந்து ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு. அதே லாமிங்டன் பின்னர் 1903 முதல் 1907 வரை பம்பாய் மாகாண ஆளுநராகவும் இருந்தார். மும்பையில் மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன லாமிங்டன் சாலை அவர் பெயரைத் தாங்கியது. ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூடத்துக்கும் விளையாட்டுக் குழுவுக்கும் நிதி திரட்ட, தன்னார்வலர்கள் கூடி டஜன் டஜனாக லாமிங்டன் செய்து விற்பார்கள். இந்தக் கைகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். புதிதாகச் சுட்ட ஸ்பான்ஜ் முக்கும்போது உதிர்ந்துவிடும். ஒரு நாள் ஆன கேக்கோ, ஃப்ரீஸரில் வைத்து இறுகிய கேக்கோதான் பிடி கொடுக்கும். முக்கி எடுக்கும் எந்தக் கேக்குக்கும் குளிர் துணை என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கேக் உருண்டைகளுக்குச் சாக்லேட் பூசும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அதைக் குச்சியில் ஏற்றி, முகம் வரைந்து, உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஆஞ்சி டட்லி. பேக்கரெல்லா என்ற பெயரில் அறியப்பட்ட இவர், 2008இல் மார்த்தா ஸ்டூவர்ட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைச் செய்து காட்டினார். 2010இல் வெளிவந்த அவருடைய 'கேக் பாப்ஸ்' நூல் விற்பனையில் பெரும் வெற்றி பெற்றது. 2011இல் ஸ்டார்பக்ஸ் தன் அமெரிக்கக் கடைகளில் கேக் பாப் விற்கத் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில் ஒரு வீட்டுப் பண்டம் சங்கிலிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

கேக்கும் குளிரும் சேர்ந்த கதை

உணவை உறைய வைத்து விற்கலாம் என்ற நம்பிக்கை அமெரிக்காவில் வேரூன்றியதற்குப் பின்னால் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்பவர் இருக்கிறார். கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, கடுங்குளிரில் நொடியில் உறைந்த மீன் பல நாள் கழித்தும் சுவை குன்றாமல் இருப்பதை அவர் பார்த்தார். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் உருவாகி உணவின் திசுவைக் கிழிக்கும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறுத்துவிடும். இந்த அடிப்படையில் அவர் உருவாக்கிய உணவுகள் 1930 மார்ச் 6 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் முதன்முதலாகக் கடைக்கு வந்தன.

கேக்கை அந்தப் பாதைக்குக் கொண்டுவந்தவர் சிகாகோ பேக்கரிக்காரர் சார்லஸ் லூபின். 1949இல் ஒரு சீஸ் கேக்குக்குத் தன் மகள் சாரா லீயின் பெயரை வைத்தார். 1950களின் முற்பகுதியில், கேக்கை அலுமினியத் தட்டிலேயே சுட்டு, அதே தட்டில் உறைய வைத்து, அதே தட்டில் தொலைதூர மாநிலங்களுக்கு அனுப்பும் முறைக்கு மாறினார். சுட்ட பாத்திரம், உறையும் பாத்திரம், பரிமாறும் பாத்திரம் மூன்றும் ஒன்றானதால் கேக்கைக் கையால் தொட்டுக் குலைக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் உருண்டைகளைத் தட்டோடு உறைய வைக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

ஃப்ரிட்ஜ் வேறு, ஃப்ரீஸர் வேறு

கேக் கெட்டுப்போவது ஒன்று, காய்ந்து பழசாவது இன்னொன்று. கிருமிகளால் கெடுவது முதல் வகை. இரண்டாவது வகைக்குக் கிருமி வேண்டியதே இல்லை. மாவிலுள்ள ஸ்டார்ச் போதும்.

அடுப்பில் இருக்கும்போது ஸ்டார்ச் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பி மென்மையாகின்றன. ஆறிய பிறகு அந்த மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி வரிசை கட்டி, உள்ளே இருந்த நீரை வெளித்தள்ளுகின்றன. முதல் நாள் சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் விறைத்துப்போவது இதனால்தான். இந்த விறைப்பு மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது நம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு இருக்கும் வெப்பநிலையில். மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்குப் போய்விட்டால் அது அநேகமாக நின்றுவிடுகிறது. எனவே கேக்கை ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைப்பதைவிட, ஒரு மாதம் ஃப்ரீஸரில் வைப்பது நல்லது. கேட்கும்போது நம்பச் சிரமமாக இருக்கும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் இருக்காது.

கேக் உறைவதற்கு ஏற்ற பண்டமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழத்தையும் காய்கறியையும் ஒப்பிட்டால் கேக்கில் நீர் குறைவு. இருக்கும் நீரிலும் சர்க்கரை கரைந்திருப்பதால், எல்லாம் பனிக்கட்டி ஆகிவிடுவதில்லை. வெண்ணெயும் எண்ணெயும் மென்மையைக் காக்கின்றன. கேக் பாப்பில் கேக்கோடு ஐசிங்கும் கலந்திருப்பதால் இந்தப் பாதுகாப்பு இன்னும் கூடுதல். வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் சேர்த்து அடித்த பட்டர் கிரீம், சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கனாஷ் ஆகியவை ஃப்ரீஸரைத் தாங்கும். அடித்த ஃப்ரெஷ் கிரீம், கஸ்டர்ட், நறுக்கிய பச்சைப் பழம் ஆகியவை தாங்காது. உருகும்போது நீர் பிரிந்து உருண்டையைச் சொதசொதவென்று ஆக்கிவிடும்.

நம் வீட்டு ஃப்ரீஸர் எவ்வளவு குளிரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃப்ரீஸர் அறையில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு இருந்தால் மைனஸ் 12, மூன்று இருந்தால் மைனஸ் 18 என்று பொருள். இது மின்சாரச் சிக்கனத்துக்காக ஒட்டப்படும் நட்சத்திரத்திலிருந்து வேறானது. ஐஸ்கிரீம் கல்லாக நிற்காத ஃப்ரீஸரில் கேக் உருண்டைகளை மாதக்கணக்கில் வைக்க நினைக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் திட்டமிடுங்கள்.

எங்கே நிறுத்துவது?

குச்சி கேக்கை மூன்று கட்டங்களில் உறைய வைக்கலாம்.

முதல் கட்டம், வெறும் கேக். சுட்டு, முழுக்க ஆறவிட்டு, கிளிங் ராப்பில் காற்றுப் புகாமல் சுற்றி, மேலே ஒரு கவரும் போட்டு வைத்தால் இரண்டு மாதம்கூட நன்றாக இருக்கும். பெரிய கேக் செய்யும்போது சீவி எடுக்கும் மேல்பகுதிகளை இப்படிச் சேர்த்து வைப்பது கெட்டிக்காரத்தனம். ஆனால் உருட்டும் வேலை முழுக்கக் கடைசி நாட்களுக்கே மிஞ்சும்.

இரண்டாவது கட்டம், பிசைந்து உருட்டி, பூச்சு போடாத உருண்டை. இதுதான் நிறுத்த வேண்டிய இடம் என்பது என் உறுதியான கருத்து. நேரம் அதிகம் பிடிக்கும் வேலைகளான சுடுதல், உதிர்த்தல், பிசைதல், உருட்டுதல் அனைத்தும் முடிந்துவிட்டன. அழகு கெடக்கூடிய எதுவும் இன்னும் மேலே ஏறவில்லை. உருண்டைகளைப் பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, இரண்டு மணி நேரம் ஃப்ரீஸரில் இறுகவிட்டு, பிறகு டப்பாவில் கொட்டி மூடினால் ஒட்டிக்கொள்ளாது. ஒரு மாதம் வரை சுவை குன்றாமல் இருக்கும்.

மூன்றாவது கட்டம், பூச்சும் அலங்காரமும் முடிந்த கேக் பாப். இதையும் உறைய வைக்கலாம். ஆனால் உருகும்போது ஈரம் படிந்தால் மேலே தூவிய வண்ணச் சர்க்கரை கரையும், ஸ்பிரிங்கிள்ஸின் சாயம் வெள்ளைப் பூச்சில் ஒழுகும், பளபளப்பு மங்கும். வெளியூருக்குக் கொண்டுபோக வேண்டும், விருந்துக்கு முந்தைய நாள் ஒரு நிமிடமும் கிடைக்காது என்ற நிலையில் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது கண், மூக்கு வரையும் வேலைகளைத் தவிர்த்து, ஒரே நிறப் பூச்சும் மேலே வேறு நிறச் சாக்லேட் கோடுகளும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டமாக இருந்தாலும் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். கொழுப்பு வாசனையை உறிஞ்சும். நம் வீட்டு ஃப்ரீஸரில் மீன் இருக்கும், இஞ்சி பூண்டு விழுது இருக்கும். கீழ்த்தட்டில் இட்லி மாவும் மல்லிகைச் சரமும் இருக்கும். இரண்டு அடுக்குப் பாதுகாப்பு இல்லாவிட்டால் வெண்ணெய் இவற்றையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும்.

பூச்சில்தான் மானம் போகும்

உண்மையான சாக்லேட்டில் இருப்பது கோகோ வெண்ணெய். அது ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகையாக உறைந்தால்தான் பளபளப்பும், உடைக்கும்போது 'டக்' என்ற ஓசையும், 34 டிகிரி அளவில் நாவில் உருகும் குணமும் கிடைக்கும். அதற்குச் சாக்லேட்டைச் சூடாக்கி, ஆற்றி, மறுபடி லேசாகச் சூடாக்கும் டெம்பரிங் என்ற பக்குவம் தேவை. கடையில் காம்பவுண்ட் என்று கேட்டால் கிடைக்கும் கட்டியில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் எண்ணெய்ப்பனை வித்திலிருந்து எடுக்கும் கொழுப்பு போன்ற தாவரக் கொழுப்பு இருக்கிறது. உருக்கி முக்கினால் போதும், தானாக இறுகும். அமெரிக்காவில் 1929இல் தொடங்கிய வில்டன் நிறுவனத்தின் 'கேண்டி மெல்ட்ஸ்' வண்ண வில்லைகளும் இதே வகைதான். குழந்தைகள் விருந்துக்கு ஐம்பது, அறுபது முக்க வேண்டியவருக்குக் காம்பவுண்டே பொருத்தம். சுவையில் நல்ல சாக்லேட்டுக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் உள்ளே இருக்கும் கேக்கில் நல்ல கோகோ போடுங்கள்.

காம்பவுண்டுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, அதிகச் சூடு. 40 முதல் 45 டிகிரி போதும், கையில் தொட்டால் வெதுவெதுப்பு. வெள்ளைக் காம்பவுண்ட் சீக்கிரம் கருகித் திரளும். மைக்ரோவேவில் வைத்தால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தால் நீராவி உள்ளே போகாமல் பாருங்கள். இரண்டாவது எதிரி, தண்ணீர். ஒரு சொட்டு விழுந்தால் சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்ட, முழுக் கலவையும் களியாகிவிடும். தண்ணீரில் கரைந்த திரவ நிறம் சேர்த்தாலும் இதே கதிதான். எண்ணெயில் கரையும் நிறம் என்று கேட்டு வாங்குங்கள்.

பூச்சு கெட்டியாக இருந்தால் ஒரு தேக்கரண்டி மணமில்லாத எண்ணெய் சேர்த்து இளக்கலாம். தேங்காய் எண்ணெயைப் பல அமெரிக்கச் சமையல் குறிப்புகள் பரிந்துரைக்கின்றன. அது 24 டிகிரி அளவிலேயே உருகும் எண்ணெய். குளிர்நாட்டு அறையில் அது கட்டியாகவே இருக்கும். சென்னையின் மே மாதத்தில் எண்ணெய் கூடினால் பூச்சு விரலில் ஒட்டும். ஆகவே நம் ஊரில் கையை இறுக்கிப் பிடித்துத்தான் ஊற்ற வேண்டும்.

இனி, வெடிப்பு. முக்கி வைத்த அரை மணி நேரத்தில் பூச்சில் நீளமாக ஒரு கீறல் விழும். காரணம் இது: உருண்டை கல்லாக உறைந்திருக்கிறது. சூடான பூச்சு அதன் மேல் பட்டதும் சட்டென்று இறுகி ஓடாகிறது. பிறகு உருண்டை அறையின் வெப்பத்துக்கு வரும்போது சற்றே விரிகிறது. ஓடு விரியாது, வெடிக்கிறது. பூச்சில் ஊசித்துளை அளவு இடைவெளி இருந்தாலும் உள்ளே இருக்கும் கேக் புழுப்போல அதன் வழியே பிதுங்கி வெளியே வரும், எண்ணெய் கசியும். தீர்வு எளிது. ஃப்ரீஸரில் இருந்த உருண்டைகளை முந்தைய இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். முக்கும் நேரத்தில் அவை இறுக்கமாக, ஆனால் உறையாமல் இருக்க வேண்டும். பூச்சு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. உருண்டைக்கும் பூச்சுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறையக் குறைய, வெடிப்பும் குறையும்.

சென்னைக் காற்றின் சேட்டை

அமெரிக்கக் குறிப்புகளில் "ஃப்ரீஸரிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள், ஒரு மணி நேரத்தில் உருகிவிடும்" என்று இருக்கும். உலர்ந்த குளிர்காலக் காற்றில் அது நடக்கும். நம் கடற்கரை ஊர்களில் நடக்காது.

காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் ஒரு வெப்பநிலை உண்டு. சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அது 20 டிகிரிக்கு மேலேயே இருக்கிறது. ஏசி ஓடும் அறையில் அது 13, 14 டிகிரி அளவுக்கு இறங்கலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக் பாப்பின் வெப்பம் நான்கைந்து டிகிரிதான். எந்த அறையில் திறந்தாலும் அது வியர்க்கும். அந்த வியர்வை பூச்சிலுள்ள சர்க்கரையைக் கரைத்து, பின் உலர்ந்து, வெள்ளைப் படலமாக நிற்கும்.

வழி என்ன? டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள். ஃப்ரீஸரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு, ஃப்ரிட்ஜிலிருந்து ஏசி அறைக்கு, இரண்டு பயணத்திலும் மூடி மூடியே இருக்கட்டும். ஈரம் டப்பாவின் வெளிச்சுவரில் படியும், உள்ளே போகாது. வெளிப்புறம் வியர்த்து, பிறகு முழுக்க உலர்ந்து, தொட்டால் குளிராத நிலைக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பெரிய டப்பாவுக்கு ஏசி அறையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். பொறுத்திருங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டுச் சாக்லேட் தொழில் தழைத்ததற்கு அங்குள்ள குளிர்ச்சி பெரிய துணை. சமவெளியில் இருக்கும் நாம் அந்தத் துணையை மூடியாலும் பொறுமையாலும் ஈடுகட்ட வேண்டும்.

இருபத்து நான்கு கேக் பாப்புக்கு

அமெரிக்காவில் ஒரு பாக்கெட் கேக் மிக்ஸும் ஒரு டப்பா ஐசிங்கும் சேர்த்து 48 உருண்டை என்பது கணக்கு. நம் வீட்டு விருந்துக்கு அதில் பாதி அளவு தொடக்கத்துக்கு நல்லது.

சாக்லேட் அல்லது வெனிலா கேக் 500 கிராம். வெண்ணெய் 40 கிராம், ஐசிங் சர்க்கரை 80 கிராம். டார்க் அல்லது ஒயிட் காம்பவுண்ட் 400 கிராம். இதில் கொஞ்சம் மிஞ்சும், ஆனால் கிண்ணத்தில் ஆழம் இல்லாவிட்டால் முக்க முடியாது. லாலிபாப் குச்சிகள் 24.

கேக் முழுக்க ஆறிய பிறகு மேல் பழுப்புத் தோலையும் காய்ந்த ஓரத்தையும் சீவிவிட்டு, ரவை பதத்துக்கு உதிர்க்கவும். வெண்ணெயையும் ஐசிங் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டாமல் கரண்டி கரண்டியாகச் சேர்த்துப் பிசையவும். கைப்பிடியில் அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்த நிமிடமே கிரீம் சேர்ப்பதை நிறுத்துங்கள். கிரீம் கூடிய உருண்டை குச்சியிலிருந்து வழுக்கி விழும், தின்னும்போது பச்சை மாவுபோல இருக்கும். கண்டென்ஸ்டு மில்க் போட்ட முட்டையில்லாத கேக்கில் ஏற்கெனவே ஈரப்பசை அதிகம். அதற்குக் கிரீம் பாதியே போதும்.

25, 26 கிராம் எடையில் உருட்டுங்கள். எடை பார்த்து உருட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகும், ஒரே நேரத்தில் உருகும், குழந்தைகளிடையே பெரிது சிறிது என்ற சண்டையும் வராது. இங்கே நிறுத்தி, ஃப்ரீஸருக்கு அனுப்புங்கள்.

முக்கும் நாளில், குச்சியின் முனையை ஒரு சென்டிமீட்டர் பூச்சில் தொட்டு, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த உருண்டையின் பாதி ஆழம் வரை செருகவும். ஐந்து நிமிடத்தில் அந்தப் பூச்சு பசையாக இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு உயரமான குறுகிய கிண்ணத்தில் ஊற்றிய காம்பவுண்டில் நேராக முக்கி, நேராக எடுக்கவும். உள்ளே வைத்துக் கிளறினால் கேக் உடையும். எடுத்ததும் குச்சியைக் கிண்ணத்தின் விளிம்பில் மெதுவாகத் தட்டிக்கொண்டே சுழற்றினால் மிகுதி வழிந்துவிடும். குச்சி சேரும் இடத்தில் பூச்சு முழுக்க மூடியிருக்கிறதா என்று பாருங்கள், கசிவு அங்கேதான் தொடங்கும். தூவ வேண்டியதை உடனே தூவி, தெர்மாகோல் பலகையில் குத்தி நிறுத்தவும். ஐந்தாறு உருண்டைகளை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றை ஃப்ரிட்ஜிலேயே விட்டு வேலை செய்யுங்கள்.

விருந்துக்கான நாள்காட்டி

இரண்டு வாரம் முன்பு: கேக் சுட்டு ஆறவிடவும். அன்று மாலையோ மறுநாளோ உதிர்த்து, பிசைந்து, உருட்டி, தட்டில் இறுகவிட்டு டப்பாவில் அடைக்கவும். டப்பாவின் மேல் தேதியும் வகையும் எழுதி ஒட்டவும்.

இரண்டு நாள் முன்பு, இரவு: டப்பாவைத் திறக்காமல் ஃப்ரீஸரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றவும்.

ஒரு நாள் முன்பு: குச்சி செருகி, முக்கி, அலங்கரிக்கவும். முழுக்க இறுகியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி, பட்டர் கிரீம் போட்டதானால் குளிர்ந்த அறையில் மூடி வைக்கவும். வெயில் காலமானால் ஃப்ரிட்ஜில் வைக்கவும்.

விருந்து நாள்: ஃப்ரிட்ஜில் இருந்த டப்பாவை மூடியபடியே ஏசி அறையில் வைக்கவும். வெளிப்புறம் உலர்ந்ததும் திறந்து அடுக்கவும். உங்கள் வேலை அவ்வளவே.

நடுவில் மின்சாரம் போனால் பதற வேண்டாம். நிறைந்திருக்கும் ஃப்ரீஸர் கதவைத் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் வரை குளிர் காக்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். உருகிவிட்ட உருண்டைகளைத் திரும்ப உறைய வைக்காமல், அன்றே முக்கித் தின்றுவிடுவது நல்லது.

குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு

மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் பெருகாது, ஆனால் சாகவும் சாகாது. வெளியே வந்து வெப்பம் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். கிரீம் சீஸ், ஃப்ரெஷ் கிரீம் கலந்த உருண்டைகளை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் மொட்டை மாடி விருந்தானால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர் விருந்துகளுக்குச் சர்க்கரை நிறைந்த பட்டர் கிரீமே பாதுகாப்பு.

நிறத்தில் ஆசைப்பட்டு ஏமாறாதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். துணிக்கும் தோலுக்கும் போடும் ரோடமின்-பி சாயம் அதில் கண்டறியப்பட்டதே காரணம். உணவுக்கென்று அனுமதி பெற்ற நிறத்தை, உரிமம் அச்சிட்ட டப்பாவில், ரசீதோடு வாங்குங்கள். மாதுளையோ பீட்ரூட்டோ அரைத்து நீரைப் பூச்சில் ஊற்றும் யோசனை வேண்டாம், தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தோம். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு எதுவும் இல்லாமல், டார்க் பூச்சின் மேல் வெள்ளைக் கோடு இழுத்தால்கூடக் குழந்தைகள் கைநீட்டி வாங்கிக்கொள்வார்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் குச்சியை உருவிவிட்டு, உருண்டையைச் சிறிதாக உடைத்துக் கொடுங்கள். ஓடியாடும் பிள்ளைகள் குச்சியை வாயில் வைத்தபடி ஓடாமல் ஒரு பெரியவர் கண் வைத்திருக்கட்டும். அந்த ஒருவர் அன்றைக்கு நீங்களாகவே இருக்கலாம், உங்களுக்குத்தான் அடுப்படியில் வேலை இல்லையே.

முன்கூட்டிச் செய்வதும் அன்புதான்

சுடச்சுடச் செய்து போட்டால்தான் அன்பு, முந்தைய நாள் செய்தது பழசு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. சாதத்துக்கும் தோசைக்கும் அது சரி. எல்லாப் பண்டத்துக்கும் அதே சட்டத்தைப் போட்டால், செய்பவரின் உடம்பும் அவருடைய நாளும் பலியாகும். கிறிஸ்துமஸுக்குப் பல வாரம் முன்பே உலர் பழங்களை ஊறப்போடும் வீடுகளுக்கும், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அதிரச மாவைப் பாகில் போட்டு மூடிவைக்கும் வீடுகளுக்கும் இது தெரியும். காத்திருப்பதால் சுவை கூடும் பண்டங்களும் உண்டு, காத்திருந்தாலும் குறையாத பண்டங்களும் உண்டு. கேக் பாப் இரண்டாவது வகை.

ஆகவே அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு சின்ன மாற்றம் செய்து பாருங்கள். உருட்டும் வேலையை ஒரு சாதாரண வார நாளின் மாலைக்கு மாற்றுங்கள். பிள்ளைகளையும் வீட்டு ஆண்களையும் உட்கார வைத்து உருட்டச் சொல்லுங்கள். கேக்கை உதிர்ப்பதும் எடை பார்ப்பதும் உருட்டுவதும் ஐந்து வயதுப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை. விருந்தாளிகள் வரும் நாளில் வீட்டுக்காரரின் முகம் களைத்திருக்கக் கூடாது என்பதும் விருந்தோம்பலில் ஒரு பகுதி. அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்பவரை யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது.